முகவடிவை மாற்றும் ஆபரேஷன்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பல்லுக்குக் கம்பி போடும் மருத்துவர் நான். நாடி, தாடை, கன்னத்து எலும்பு இவற்றை அறுத்துத் திருத்தும் வேலை என்னுடையது அல்ல. மதுரை, திருச்சி, சென்னையில் உள்ள சர்ஜன்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் ஒரு முறை, போய்வந்து வீங்கிய முகத்தோடு ஒரு முறை என்று பலரும் என்னிடம் வந்து உட்காருகிறார்கள். பள்ளத்தூர், தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர்ப் பக்கமிருந்தும், விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். பொதுவான பதில்கள்தான். உங்கள் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த ஆபரேஷனில் எதைத்தான் திருத்துகிறார்கள்?

அடியில் எலும்பு, அதன்மேல் தசை, பிறகு கொழுப்பு, மேலே தோல். முகத்தின் வடிவம் இந்த நான்கில்தான் இருக்கிறது. குறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை செய்ய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், பாதிக் குழப்பம் இங்கேதான். எலும்பு பின்வாங்கியிருப்பவர் வருடக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். தசை பெருத்தவர் எலும்பை வெட்டச் சொல்லிக் கேட்பார். ‘இரட்டை நாடி’ என்று கழுத்தைத் தொட்டுக் காட்டுகிறவர்களில் சிலருக்கு அங்கே கொழுப்பே அதிகம் இருக்காது. நாடி எலும்பு உள்ளே இருப்பதால் கழுத்துத் தோல் அப்படித் தெரியும். அவருக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்தால் பணம்தான் போகும்.

எலும்பில் செய்பவை: நாடியை முன்னே பின்னே நகர்த்துவது, தாடைக் கோணத்தைக் குறைப்பது, கன்னத்து எலும்பை உள்ளே தள்ளுவது, மேல்தாடை கீழ்தாடை முழுவதையும் இடம் மாற்றுவது. மற்றவை ஊசி, கொழுப்பு எடுப்பது, கொழுப்பு வைப்பது, செயற்கைப் பொருளை உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட் என்று போகும்.

முகம் சதுரமாக இருக்கிறது. தாடை எலும்பைச் சீவிவிடலாமா?

முதலில் ஒன்று செய்து பாருங்கள். காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பல்லை அழுத்திக் கடியுங்கள். விரலுக்கு அடியில் கட்டியாக ஒன்று எழும்பினால் அது மெல்லும் தசை. எழும்பாமல், கடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கெட்டியாக இருந்தால் எலும்பாக இருக்கலாம். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு இந்தத் தசை பெருக்கும். காலையில் எழுந்ததும் தாடை வலிக்கிறதா, பல்லின் கூர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தசைதான் காரணம் என்றால் தசையைத் தளர்த்தும் பொட்டாக்ஸ் ஊசி உண்டு. போட்ட மறுநாள் எதுவும் மாறாது. தசை மெலிந்து முகம் ஒடுங்கித் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பலன் ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு மாதம் நிற்கும், அப்புறம் திரும்பப் போட வேண்டும். எலும்பை இது மெலிய வைக்காது.

ஒரு பக்கம் மட்டும் பெருத்திருந்தால் அழகு சார்ந்த யோசனையைத் தள்ளி வையுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமாக இருக்கலாம், தாடை மூட்டு ஒரு பக்கம் அதிகம் வளர்வதாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் கத்தி எடுக்கக்கூடாது.

நாடி உள்ளே போயிருக்கிறது. அதை எப்படி முன்னே கொண்டுவருகிறார்கள்?

இந்த வகை ஆபரேஷன்களில் எனக்கு நம்பிக்கை உள்ளது இதுதான். சரியான ஆளுக்குச் செய்தால் சில மில்லிமீட்டரில் பக்கவாட்டு முகம் நன்றாக மாறிவிடும். ஜீனியோபிளாஸ்டி என்பார்கள்.

முழு மயக்கம் கொடுத்து, கீழுதட்டின் உட்புறம், ஈறிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கீறுவார்கள். அதனால் வெளியே தழும்பு வராது. தசையை விலக்கினால் நாடி எலும்பு தெரியும். அதன் இரண்டு பக்கத்திலும் சின்னதாக ஒரு துளை. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு அந்தத் துளை வழியாக வெளியே வருகிறது. அந்த நரம்பைக் கண்டுபிடித்துப் பத்திரப்படுத்திய பிறகே ரம்பம் கைக்கு வரும். பல் வேர்களுக்கும் துளைக்கும் கீழே சில மில்லிமீட்டர் இடம் விட்டு எலும்பைக் குறுக்காக அறுப்பார்கள். நரம்பு எலும்புக்குள் கொஞ்சம் கீழே இறங்கி வளைந்து, பிறகே துளைக்கு ஏறுகிறது. அதற்காகத்தான் அந்த இடைவெளி. அறுபட்ட துண்டு உள்பக்கத் தசையோடு ஒட்டியே இருக்கும், இரத்த ஓட்டம் அதன் வழியாக வரும். துண்டை வேண்டிய அளவு முன்னே இழுத்து டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துவார்கள். எலும்பு 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் மேலே உள்ள தோல் ஏறக்குறைய 8, 9 மில்லிமீட்டர் நகரும்.

கடைசியில், விலக்கிய தசையைத் திரும்பத் தூக்கிச் சேர்த்துத் தைப்பது பெரிய விஷயம். அதில் கவனம் தப்பினால் கீழுதடு தொங்கி, பேசும்போது கீழ்ப்பல் அதிகமாகத் தெரியும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

எலும்பை அறுக்காமல் சிலிக்கோன் போன்ற இம்ப்ளான்ட் வைப்பதும் உண்டு. வேலை சுலபம், வீக்கம் குறைவு. ஆனால் அது நகரலாம், கிருமி பிடித்தால் எடுக்க வேண்டி வரும், நாளாவட்டத்தில் அடியில் உள்ள எலும்பை அரிக்கவும் செய்யலாம். முகத்தின் உயரத்தைக் குறைக்கவோ, நடுக்கோட்டிலிருந்து சாய்ந்த நாடியை நிமிர்த்தவோ இம்ப்ளான்ட் உதவாது.

தாடை முன்னால் துருத்துகிறது, பல்லும் சேரவில்லை. நாடியை மட்டும் சரி செய்தால் போதாதா?

போதாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மாறிக் கடித்தால் அது தாடைகளின் கோளாறு. நாடியை மட்டும் தொட்டால் கண்ணாடியில் கொஞ்சம் சமாதானமாக இருக்கும், கடி அப்படியே இருக்கும். இதற்கான ஆபரேஷன் ஆர்த்தோக்னாத்திக் சர்ஜரி. கீழ்தாடையை இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்து சறுக்கி நகர்த்துவது ஒரு பாதி. ஓப்வெகேசர் என்ற சர்ஜன் 1950களில் உருவாக்கிய முறை, மாற்றங்களோடு இன்றும் அதுதான் நடக்கிறது. மேல்தாடையை மூக்கின் அடியில் கிடைமட்டமாக விடுவித்து நகர்த்துவது இன்னொரு பாதி. அந்த வெட்டுக்கு லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். 1901-ல் அவர் இறந்தவர்களின் தலைகளில் பலமாக அடித்து, முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று பார்த்து எழுதி வைத்தார். விபத்தில் உடையும் கோட்டிலேயே இன்று திட்டமிட்டு அறுக்கிறார்கள்.

இங்கே என் வேலை வருகிறது. பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன் 12 முதல் 18 மாதம் கம்பி போட வேண்டும், பிறகும் சில மாதம். தாடை முன்னால் வந்தவர்களின் கீழ்ப்பற்கள், அதை ஈடுகட்ட உள்பக்கம் சாய்ந்திருக்கும். முதலில் அவற்றை நேராக்குவோம். நேராக்க நேராக்கத் துருத்தல் கூடுதலாகத் தெரியும். “கம்பி போட்டு இன்னும் மோசமாகிவிட்டது” என்று இந்தக் கட்டத்தில் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்படித்தான் ஆக வேண்டும். சிலருக்கு ஆபரேஷனை முதலில் செய்துவிட்டுக் கம்பியைப் பிறகு போடும் முறையும் உண்டு. எல்லாக் கடிக்கும் அது சரிவராது.

ஒரு எச்சரிக்கை. கீழ்தாடையை நிறையப் பின்னால் தள்ளினால் தொண்டையில் காற்று போகும் வழி குறுகலாம். குறட்டை பலமாக இருப்பவர், தூக்கத்தில் மூச்சு முட்டுபவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கீழ்தாடையை அதிகம் தள்ளாமல் மேல்தாடையை முன்னே கொண்டுவந்து சமன் செய்வார்கள்.

கொரியாவில் செய்வது போல முகத்தை ‘வி’ வடிவத்தில் கூராக்க முடியுமா?

முடியும். தாடைக் கோணத்தைச் சீவி, நாடியின் நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் சேர்ப்பார்கள். எல்லாம் வாய்க்குள்ளிருந்தே. கீழ்தாடை எலும்புக்குள் நரம்பு ஒன்று ஓடுகிறது. அது எவ்வளவு தாழ்வாக ஓடுகிறது என்று சி.டி. ஸ்கேன் பார்த்துத்தான் எவ்வளவு சீவலாம் என்று முடிவாகும். அளவு மீறினால் கோணமே இல்லாமல் காதிலிருந்து நாடிவரை ஒரே சரிவாகிவிடும். பின்னால் சரி செய்வது பெரும்பாடு.

அதோடு, கல்யாணக் கொட்டகையின் காலைக் குட்டையாக்கினால் மேலே கட்டிய துணி தொய்யத்தானே செய்யும்? எலும்பைக் குறைத்தாலும் தோல் அதே அளவுதான் இருக்கிறது. இருபது வயதில் தோல் ஓரளவு இழுத்துக்கொள்ளும். நாற்பதுக்கு மேல் கன்னம் தாடையோரத்தில் இறங்கித் தொங்கலாம். எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க முடியாது. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், நம் பக்கத்து முகங்களில் பலவற்றுக்கு அந்த அகலமான தாடைதான் கம்பீரமே.

கன்னத்து எலும்பு தூக்கலாக இருப்பதற்கு?

வாய்க்குள் ஒரு கீறல், காதுக்கு முன்னால் கிருதா முடிக்குள் சின்னதாக இன்னொன்று. எலும்பை இரண்டு இடத்தில் விடுவித்து உள்ளே தள்ளிப் பிளேட் போடுவார்கள். சரியாக நிறுத்தப்படாவிட்டால் எலும்பு சேராமல் போவதும், கன்னம் இறங்குவதும் நேரலாம். நம் ஊரில் கேட்பவர்கள் குறைவு.

கன்னத்தை உள்ளே குழிய வைக்கக் கொழுப்பை எடுக்கிறார்களாமே?

வாய்க்குள் சின்னக் கீறல், கன்னத்துக் கொழுப்பு உருண்டையில் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். அரை மணி நேர வேலை என்று விளம்பரம் வரும். வயது ஏற ஏற முகத்துக் கொழுப்பு தானாகவே வற்றும். இருபத்தைந்தில் எடுத்தவர் ஐம்பதில் நோய்வாய்ப்பட்டவர் போலத் தெரிய வாய்ப்பு உண்டு. அவசரப்பட வேண்டாம்.

கத்தியே வேண்டாம், ஃபில்லர் ஊசி போதாதா?

நாடி கொஞ்சம்தான் குறைவு என்றால் ஹயலூரானிக் அமில ஃபில்லர், அதாவது தோலுக்கு அடியில் நிரப்பும் ஜெல், போட்டுப் பார்க்கலாம். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். பிடிக்கவில்லையென்றால் கரைக்க மருந்து உண்டு. ஆபரேஷன் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்ப்பதற்கும் சிலர் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் ஊசி என்பதால் விளையாட்டு இல்லை. மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையே போயிருக்கிறது. போட்ட உடன் தோல் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, கண் மங்கினாலோ அந்த நிமிடமே சிகிச்சை வேண்டும். கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திராத அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

போனில் படம் காட்டினால் இதே மாதிரி செய்து தருவார்களா?

உங்கள் எலும்பின் மேல் இன்னொருவர் முகத்தை ஏற்ற முடியாது. செல்ஃபியைக் காட்டிக் குறை சொல்பவர்களுக்கு இன்னொன்று: 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடித் தூரத்தில் தெரிவதைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது என்று 2018-ல் அமெரிக்காவில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்கு பெரிதானால் நாடி சின்னதாகத் தெரியும். வேறு யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்து வாருங்கள்.

மற்ற யாருக்கும் தெரியாத குறையை ஒருவர் நாளெல்லாம் கண்ணாடியில் பார்த்து, வெளியே போகாமல், வேலையைக் கெடுத்துக்கொண்டு இருந்தால் ஆபரேஷன் அதைத் தீர்க்காது. அவரை முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நல்ல சர்ஜன்களே அப்படித்தான் அனுப்புவார்கள்.

எந்த வயதில் செய்யலாம்?

எலும்பு வளர்ச்சி நின்ற பிறகு. பெண்களுக்குச் சுமாராக 16, 17. ஆண்களுக்கு 18 முதல் 20, தாடை துருத்தியவர்களுக்கு அதற்கும் மேல் ஆகலாம். ஆறு மாத இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டு வளர்ச்சி நின்றதா என்று பார்ப்போம். பிளஸ் டூ லீவில் முடித்துவிடலாம் என்று பையனைக் கூட்டி வருகிற பெற்றோருக்குப் பெரும்பாலும் “இன்னும் பொறுங்கள்” என்றுதான் சொல்கிறேன்.

தையில் கல்யாணம். இப்போது செய்தால் அதற்குள் முகம் சரியாகிவிடுமா?

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும் பகுதி வடிந்து வெளியே போகலாம் என்ற நிலை வரும். எலும்பு பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம். மிச்சமிருக்கும் வீக்கம் வடிந்து, இதுதான் என் முகம் என்று சொல்ல ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். தைக் கல்யாணத்துக்கு நாடி ஆபரேஷன் என்றால் ஆனிக்குள் முடித்துவிடுங்கள். தாடை ஆபரேஷன், அதற்கு முன் கம்பியும் வேண்டும் என்றால் இரண்டு வருடக் கணக்கு. ஐப்பசியில் வந்து தைக்குக் கேட்டால் நான் தரக்கூடியது பல்லைச் சுத்தம் செய்வது மட்டும்தான்.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் சொந்த ஊர் வீட்டில் வைத்து, அதிகாலையிலிருந்து சாப்பிடாமல் கொள்ளாமல் நின்று, வளவில் இருக்கும் அத்தனை பேரையும் விழுந்து கும்பிட வேண்டும். எட்டாவது வாரத்தில் அது தாங்காது. குனியும்போதெல்லாம் முகத்துக்கு இரத்தம் ஏறி வீங்கும்.

மூன்று வார லீவில் வருகிற சிங்கப்பூர்க்காரர்களுக்கும் இதே கணக்குதான். ஆபரேஷன் முடிந்து விமானம் ஏற இரண்டு வாரமாவது சர்ஜன்கள் கேட்பார்கள். மூன்றாம் மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்தால் யார் பார்ப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் எப்படி இருக்கும்?

வலியைவிட அசௌகரியம்தான் அதிகம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். மூக்கு அடைத்திருக்கும், தொண்டை புண்ணாக இருக்கும், வாயோரத்தில் எச்சில் வடியும். முதல் 48 மணி நேரம் விட்டு விட்டு ஐஸ் ஒத்தடம், அப்புறம் வெதுவெதுப்பான ஒத்தடம். தலை உயர்ந்தபடியே தூங்க வேண்டும். பழைய வீடுகளில் முகப்பில் கிடக்கும் சாய்வு நாற்காலிக்கு இப்போதுதான் நிஜமான வேலை. கண்ணுக்குக் கீழேயும் கழுத்திலும் நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருக்கும், அது தானாக இறங்கிப் போய்விடும். முகத்தைச் சுற்றி இறுக்கமாகக் கச்சு கட்டியிருப்பார்கள். சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு உட்காருவது தண்டனை, முடிந்தால் மார்கழிப் பக்கம் தள்ளிப் போடுங்கள்.

மேல்தாடையைத் தொட்டிருந்தால் சில வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஐந்தாறாம் நாள் மனசு சோர்ந்து, ஏன் செய்துகொண்டோம் என்று அழுகை வரும். வீட்டில் உள்ளவர்கள் அப்போது “முன்னாடியே நல்லாத்தானே இருந்துச்சு” என்று சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. பார்க்க வருகிற சொந்தக்காரர்களையும் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

என்ன சாப்பிடலாம்? அப்பத்தா பத்தியம் என்கிறார்.

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தப்பு நடப்பதும் இதில்தான். கறி, முட்டை, தயிர் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று பெரியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். எலும்பும் தையலும் சேரப் புரதம் வேண்டும். வெறும் கஞ்சித்தண்ணீரில் இரண்டு வாரம் ஓட்டினால் ஆள் மெலிவார், புண் ஆறுவது தள்ளிப் போகும். சீழ் பிடிப்பது வாயைச் சுத்தமாக வைக்காததால்.

முதல் ஒன்றிரண்டு வாரம் நீராகாரம். கவுனி அரிசிக் கஞ்சியை மிக்ஸியில் அடித்து வடிகட்டலாம். வேகவைத்த பாசிப்பருப்பைக் கரைத்து நெய்விட்டுக் கொடுக்கலாம். ஆட்டுக்கால் சூப், கோழி ரசம் எல்லாம் நல்லதுதான், ஆனால் மிளகாயையும் மிளகையும் பாதிக்கும் கீழே குறைத்து, ஆறவைத்து, கட்டாயம் வடிகட்டி. தாளித்துக் கொட்டாதீர்கள். வாய்க்குள் இருக்கும் தையலில் ஒரு கடுகு போய் உட்கார்ந்துவிட்டால் எடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. டம்ளரிலோ, நுனியில் ரப்பர் குழாய் மாட்டிய சிரிஞ்சிலோ கொடுங்கள்.

அடுத்து ஆறாவது வாரம் வரை மெல்லாமல் விழுங்கக்கூடியவை. தேங்காய்ப்பாலில் ஊறிக் குழைந்த இடியாப்பம், குழைய வடித்த சோறு, முட்டைப் பொரியலை மசித்தது, ஊறிய பால் பணியாரம். கும்மாயம் இதற்கென்றே செய்தது போல இருக்கும்: உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் நெய்யும், பல்லே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரம் நடுவில் மெத்தென்று இருந்தாலும் ஓரம் மொறுமொறுப்பு, அதைப் பிய்த்துவிட்டுக் கொடுக்கலாம். சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், நாட்டுக்கோழி எலும்பு இதெல்லாம் மூன்று மாதம் அடுக்குப்பானையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் உப்பு நீரில் கொப்பளிக்க வேண்டும், டாக்டர் எழுதிய மவுத்வாஷையும் சேர்த்து. குழந்தைகள் பிரஷ் வாங்கிப் பல்லை மெதுவாகத் தேய்க்கலாம்.

உதடு மரத்துப் போயிருக்கிறது. திரும்ப வருமா?

பெரும்பாலானவர்களுக்கு வரும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும். நரம்பு இழுபட்டிருந்தால் முதலில் எறும்பு ஊர்வது போலவும் சுரீர் என்றும் இருக்கும். அது நல்ல அறிகுறி. அதுவரை ரசம் நாடியில் வழிவது உங்களுக்குத் தெரியாது, எதிரே இருப்பவர்தான் சொல்வார். சூடு தெரியாததால் காப்பியில் உதட்டைச் சுட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாக மரத்தே இருந்துவிடும், குறிப்பாகக் கீழ்தாடையைப் பிளந்து செய்தவர்களுக்கு, வயது கூடியவர்களுக்கு. இந்த வாய்ப்பை ஏற்றுக்கொள்ள மனசில்லை என்றால் ஆபரேஷன் வேண்டாம்.

எப்போது ஓடி வர வேண்டும்?

மூச்சுத் திணறல், நிற்காத இரத்தம், வடிந்துகொண்டிருந்த வீக்கம் ஒரு பக்கம் மட்டும் திடீரென ஏறுவது, கண்பார்வை மங்குவது: இவற்றில் எது வந்தாலும் போன் போட்டுக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல், சீழ், நேற்று சேர்ந்த பல் இன்று சேராதது என்றால் அன்றைக்கே சர்ஜனிடம் பேச வேண்டும். மதுரையானாலும் திருச்சியானாலும் காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். அதனால் முதல் வாரம் ஆபரேஷன் செய்த ஊரிலேயே தங்கிவிடுவது நல்லது.

வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள்?

பாக்கு நாள்பட்டால் வாயின் உள்தோல் நார் போல இறுகி, வாய் சரியாகத் திறக்காது. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடியவில்லையென்றால் இந்த ஆபரேஷனும் கடினம், மயக்கம் கொடுப்பதும் கடினம். அதைவிட முக்கியம், அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம்; அழகை விட்டுவிட்டு அதைக் காட்டுங்கள். சிகரெட்டை நான்கு வாரமாவது முன்பே நிறுத்த வேண்டும், பிறகும் தொடக்கூடாது. ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாரிடம் போவது? எவ்வளவு ஆகும்?

எலும்பு வேலை என்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவர், அல்லது வாய், முகம், தாடை அறுவைச் சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்தவர். பதிவு எண்ணைக் கேட்டு மருத்துவக் கவுன்சில் அல்லது பல் மருத்துவக் கவுன்சில் பட்டியலில் பார்க்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். மயக்க மருந்து டாக்டர் யார், இரவில் ஐ.சி.யு. உண்டா என்று கேளுங்கள். அவர் செய்ததில் ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் வாரப் படம் எதையும் சொல்லாது. விபத்து, பிறவிக் குறை, கடிக் கோளாறு என்றால் மதுரை இராசாசி மருத்துவமனை, சென்னை ஸ்டான்லி, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இவற்றை முதலில் பாருங்கள்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: சர்ஜன், மயக்கம், தியேட்டர், பிளேட், அறை, ஸ்கேன், மறுபடி திறக்க வேண்டி வந்தால் யார் பொறுப்பு. அழகுக்காகச் செய்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, காப்பீடு கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும் மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் சிகிச்சையும் காப்பீடு மறுக்கும் அந்தப் பட்டியலில் வராது. கடிக் கோளாறு இருந்தால் அதை மருத்துவ அறிக்கையில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா? பிள்ளைகளுக்கு எந்த முகம் வரும்?

ஆபரேஷன் மரபணுவைத் தொடாது. முகப்பில் மாட்டியிருக்கும் ஐயா படத்தில் உள்ள நாடி பேரனுக்கு வரத்தான் வாய்ப்பு. சொல்வதா வேண்டாமா என்பது குடும்ப விஷயம். ஆனால் நம் ஊரில் மூன்றாவது வீட்டு ஆச்சிக்குத் தெரியாத இரகசியம் கிடையாது. வேறு வாயிலிருந்து போவதைவிட நீங்களே சொல்லிவிடுவது லேசு. கட்டிக்கப் போகிறவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

பிளேட்டைக் கழற்ற வேண்டுமா? விமான நிலையத்தில் கத்துமா?

தொந்தரவு இல்லாவிட்டால் பிளேட் அப்படியே இருக்கலாம். கிருமி பிடித்தாலோ, வெளியே தெரிந்தாலோ எடுப்பார்கள். டைட்டானியம் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை, முன்கூட்டிச் சொன்னால் போதும். விமான நிலைய வாசலில் இவ்வளவு சின்னப் பிளேட் பொதுவாகக் கத்தாது. இரண்டு தாடையும் நகர்த்திய பிறகு முகம் பழைய பாஸ்போர்ட் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கைப்பையில் வையுங்கள், வீக்கம் முழுவதும் வடிந்த பிறகு புதுப் படத்தோடு பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.